காத்திருத்தல் ஒழிக்கப்பட்ட நாள்

அந்த மருத்துவமனையில் காத்திருத்தல் என்ற வழக்கம் அதிகாரபூர்வமாக ஒழிக்கப்பட்ட அதே நாளில்தான் தையல்காரி தன் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தாள். ஒழிப்பு விழா சாயங்காலம். இவர்கள் போனது காலையில். அதனால் காத்திருக்கும்படி ஆயிற்று.

வீட்டுக்காரர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழேயே பாதி ஆயுளைக் கழித்ததில், குரலை உயர்த்துவது எப்படி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பேருந்தில் யாராவது அவர் காலை மிதித்தால், மிதித்தவரிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். எதைக் கேட்டாலும் வாயில் வருவது ஒரே சொல்தான் என்பதால் தெருவில் அவருக்குப் 'பரவாயில்லை' என்றே பெயர். 'பரவாயில்லை வீடு எது?' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும்.

முந்தின நாள் தொப்புளைச் சுற்றி வலி ஆரம்பித்தபோதும் அதையேதான் சொன்னார். விடிந்ததும் வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியது. வாந்தி எடுத்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது. நிமிர முடியாமல் கேள்விக்குறி மாதிரி வளைந்து நின்றுகொண்டு, "பரவாயில்லம்மா, போய் நூலகத்தை மட்டும் திறந்து வச்சிட்டு வந்துடறேன்" என்றார். தையல்காரி, தைத்துக்கொண்டிருந்த சட்டையை ஊசியோடு அப்படியே போட்டுவிட்டு, தெருமுனைக்கு ஓடி ஒரு வாடகை வண்டியைப் பிடித்துவந்தாள்.

வாசலில் காவலாளி நிறுத்தினான்.

"எமர்ஜென்சியா, சாதாரணமாம்மா?"

"எமர்ஜென்சிப்பா."

"அப்ப இந்த வரிசை. சாதாரணம்னா அந்தப் பக்கம் நேரா உள்ள போயிடலாம்."

தையல்காரி இரண்டு பக்கமும் பார்த்தாள். இந்தப் பக்கம் வரிசை வாசலைத் தாண்டி வளைந்து நின்றது. அந்தப் பக்கம் ஒரு ஆள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்ப சாதாரணம்னே வச்சுக்கோயேன்."

"அது எப்படிம்மா? ஆளைப் பார்த்தாலே எமர்ஜென்சின்னு தெரியுதே. இப்படிப்பட்டவரை அங்க விட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்று மிகுந்த அக்கறையோடு சொல்லி, வரிசையின் வாலை அவளுக்குக் காட்டிவிட்டான்.

வரிசையின் தலைமாட்டில் ஒரு கண்ணாடி ஜன்னல். 'தரம் பிரிக்குமிடம்' என்று மேலே எழுதியிருந்தது. பழங்களைத் தரம் பிரித்துக் கூடையில் போடுவதைத்தான் தையல்காரி பார்த்திருக்கிறாள். உள்ளே ஒரு இளம் நர்ஸ், தூக்கத்துக்கு ஏங்கும் கண்களோடு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேசையில் மூன்று நிறங்களில் கைப்பட்டைகள். சிவப்பு என்றால் உடனே. மஞ்சள் என்றால் சீக்கிரம். பச்சை என்றால் அப்புறம்.

நர்ஸ் காய்ச்சல் பார்த்தாள். வாந்தியைப் பற்றிக் கேட்டாள். பிறகு பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள்: "வலி எவ்வளவு இருக்கு சார்? பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல. ஒரு நம்பர் சொல்லுங்க."

வீட்டுக்காரர் திரும்பித் தனக்குப் பின்னால் நிற்பவர்களைப் பார்த்தார். கையில் துணி சுற்றிய ஒருவன், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு தாய், மூச்சு இரைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். எல்லாரும் தன்னால்தான் நிற்கிறார்கள் என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"ஒரு மூணு போட்டுக்கோங்க."

"மூணா?" தையல்காரி ஜன்னலுக்குள் தலையை விட்டாள். "இவர் பேச்சைக் கேக்காதீங்கம்மா. பல்லைக் கடிச்சிட்டு நிக்கறாரு பாருங்க. ஒம்போது போடுங்க."

"நோயாளி சொல்றதைத்தான் போடணும்க்கா. உறவுக்காரங்க வலியைக் கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

"என் வலியையா சொன்னேன்? அவர் வலியைத்தானே சொல்றேன். என்னங்க, ஒம்போதுன்னு சொல்லுங்க."

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். மனைவி மனதும் நோகக்கூடாது.

"வேணும்னா மூணரைன்னு..."

"அரை கிடையாது சார்."

"அப்ப மூணே இருக்கட்டும். பரவாயில்லை."

நர்ஸ் ஒரு நிமிடம் தயங்கினாள். காய்ச்சலைச் சொல்லும் கட்டத்தையும் வாந்தியைச் சொல்லும் கட்டத்தையும் மறுபடியும் தட்டிப் பார்த்தாள். கம்ப்யூட்டர் 'மூன்று' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, பச்சை என்று சொல்லிவிட்டது. அவள் வீட்டுக்காரரின் மணிக்கட்டில் பச்சைப் பட்டையைச் சுற்றினாள். அதை அவர் பரிசு வாங்குவது போல நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

காத்திருப்புக் கூடத்தின் சுவரில் 'உங்கள் பொறுமை எங்கள் பெருமை' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். அதற்கு எதிர்ச் சுவரில் ஒரு மின்கடிகாரம். அது மணி காட்டவில்லை. எத்தனை நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைக் காட்டியது. வரிசையில் பார்த்த முகங்கள்தான் பக்கத்து நாற்காலிகளிலும். கையில் துணி சுற்றியவன் ஒரு சமையல்காரன். கத்தி விரலைப் பிளந்துவிட்டது. கையைத் தூக்கியே வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கம் போன ஊழியர்கள் எல்லாம் அவனைப் பார்த்து, "கேள்விகளைக் கடைசியில கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தாயின் இடுப்பில் இருந்த குழந்தை மூக்குக்குள் ஒரு பட்டாணியைத் திணித்துவிட்டிருந்தது. "ஊறிப் பெருசாயிட்டே வருது. முளை விடறதுக்குள்ள கூப்பிட்டா சரி" என்றாள் தாய். மூச்சுக்காரப் பெரியவர் வீட்டிலிருந்தே தலையணை கொண்டுவந்திருந்தார். இங்கே பழகியவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

தையல்காரி அந்தப் பக்கம் போன ஒவ்வொரு வெள்ளைக் கோட்டுக்காரரையும் மடக்கினாள். எல்லாரும் சொல்லிவைத்தது போல ஒரே பதிலைச் சொன்னார்கள்: "இதோ, இப்பக் கூப்பிட்டுடுவாங்க."

அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல். துணியை இன்னும் வெட்டக்கூட இல்லாதபோது வாசலில் வந்து நிற்கும் வாடிக்கையாளரிடம், "பட்டன் மட்டும்தான் பாக்கி" என்று அவளே சொல்லும் குரல் அது.

வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டார். தண்ணீர்க் குழாயை நோக்கிப் போனவளை ஒரு ஊழியர் தடுத்தார்.

"தண்ணி குடுக்கக்கூடாதும்மா. ஆபரேஷன் தேவைப்படலாம்."

"ஆபரேஷனா? அப்ப சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்களேன்!"

"பச்சைப் பட்டைக்கு எதுக்கும்மா ஆபரேஷன்?"

"அப்ப தண்ணி குடுக்கலாமா?"

"அதை டாக்டர் பார்த்துதான் சொல்லணும்" என்று பொறுமையாக விளக்கிவிட்டு அவர் போனார்.

கடிகாரம் நாலு மணி நேரத்தை நெருங்கியபோது ஒலிபெருக்கி பேசியது: "முதல்கட்டத்தை வெற்றிகரமாக நிறைவு செய்த அனைவருக்கும் வாழ்த்துகள். அனைவரும் அடுத்த கட்டத்துக்குச் செல்லவும். அங்கே இருக்கைகள் குறைவு என்பதால் அவரவர் நாற்காலியை எடுத்து வரவும்."

கூடம் கலகலத்தது. சிலர் கைதட்டக்கூடச் செய்தார்கள். காய்ச்சல்காரர்களும் சுளுக்குக்காரர்களும் நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடைபாதையில் ஊர்வலம் போனார்கள். தையல்காரி ஒரு கையில் நாற்காலி, மறுகையில் வீட்டுக்காரர் என்று இழுத்துக்கொண்டு நடந்தாள். போய்ச் சேர்ந்த இடம் இன்னொரு கூடம். அதே சுவர், அதே வாசகம். கடிகாரம் மட்டும் பூஜ்யத்தில் நின்றது.

"டாக்டர் எங்க?" என்றாள்.

மூச்சுக்காரப் பெரியவர் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு சிரித்தார். "புதுசாம்மா? நாலு மணி நேரத்துக்கு மேல யாராவது ஒரே இடத்துல உட்கார்ந்திருந்தா மணி அடிக்கும்னு ஒரு ஏற்பாடு. மாடி மாடியா கேக்கும். மேலிடத்துலயும் கேக்குமாம். பெரிய டாக்டரே கீழ இறங்கி வந்தாகணும்னு விதி." மூச்சு வாங்கிக்கொண்டார். "அதனால மூணே முக்கால் மணி நேரம் ஆனதும் நம்மளை எழுப்பி இங்க உட்கார வச்சிடறாங்க. இங்க வந்ததும் கணக்கு புதுசு. நான் எத்தனையோ தடவை வந்துட்டேன், அந்த மணிச் சத்தம் எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

"யாரும் சண்டை போட மாட்டாங்களா?"

"நல்லா இருக்கறவன் எதுக்கும்மா இங்க வரான்? நல்லா இல்லாதவனுக்குச் சண்டை போடத் தெம்பு ஏது?"

தையல்காரி அந்த 'மூணு' என்ற எண்ணை மாற்றிக்கொடுக்கச் சொல்லிக் கேட்கப் போனாள். வலி எண்ணை மாற்ற வேண்டுமென்றால் மறுபரிசீலனைக் கூடத்தில் போய் உட்கார வேண்டும், அங்கே போனால் இங்கே உள்ள இடம் போய்விடும் என்றார்கள். வைத்தியப் பகுதியின் கதவைத் தள்ளிப் பார்த்தாள். அது சிவப்புப் பட்டையைக் காட்டினால்தான் திறக்கும் கதவு. திரும்பி வந்தபோது வீட்டுக்காரர் முழங்காலை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, எதிரே இருந்த தீயணைப்புக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

மதியம் சாய்ந்தபோது ஒரு அம்மாள் வந்தார். சிரித்த முகம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு தட்டைக் கம்ப்யூட்டர். பதவி, அனுபவ அதிகாரி. காத்திருந்தவர்களின் அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பதிவு செய்வது அவர் வேலை. திரையில் வரிசையாக முகங்கள்: பெரிதாகச் சிரிக்கும் முகம், சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், வாடிய முகம். கடைசியில் ஒரு காலி வட்டம்.

"இது என்ன, காலியா இருக்கு?" என்றாள் தையல்காரி.

"அது அழற முகம். எல்லாரும் அதையே அழுத்தி அழுத்தி அழிஞ்சுபோச்சு. பழுது பார்க்கக் குடுத்திருக்கோம். இருக்கறதுல ஒண்ணை அழுத்துங்க."

அப்போதுதான் வீட்டுக்காரர் மெல்ல நிமிர்ந்தார். முழங்காலை விட்டார்.

"ஏம்மா, வலி நின்னுடுச்சு."

"நின்னுடுச்சா?"

"சட்டுனு நின்னுடுச்சு. ஏதோ பட்டுனு விட்ட மாதிரி."

தையல்காரிக்கு உயிர் வந்தது. அனுபவ அதிகாரிக்கு அதைவிட அதிகமாக வந்தது. "இங்க உட்கார்ந்ததுலயே குணமாயிட்டாரா? யாரும் பார்க்காமலேயா?" என்று கைகளைக் கோத்துக்கொண்டார். "இப்படி ஒருத்தரைத்தான் இயக்குநர் தேடிட்டிருந்தார்! சாயங்காலம் விழாவுல சார் ரெண்டு வார்த்தை பேசணும்." வீட்டுக்காரர் தோளில் கை போட்டு ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார். பெரிதாகச் சிரிக்கும் முகத்தை அவரே அழுத்தினார். வலி எண்ணைப் பூஜ்யமாக மாற்றச் சொல்லி ஜன்னலுக்குச் செய்தியும் அனுப்பிவிட்டார். அவர் மாற்றச் சொன்னதை மட்டும் கம்ப்யூட்டர் உடனே ஏற்றுக்கொண்டது.

சற்று நேரத்தில் நர்ஸ் ஒரு வெள்ளைப் பட்டையோடு வந்தாள். வெள்ளை என்றால் குணமாகிவிட்டார், எல்லாரையும் பார்த்து முடித்தபின் டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதும் வீட்டுக்குப் போகலாம். பட்டையைச் சுற்றக் குனிந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சாம்பல் பூத்த மாதிரி இருந்தது முகம். நாடியைப் பிடித்தாள். வயிற்றின்மேல் லேசாகக் கையை வைத்தாள். அது பலகை போல விறைத்திருந்தது. சட்டென்று கையை எடுத்தாள். தையல்காரியைச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, வலி திடீர்னு நின்னது நல்லதில்லக்கா. உள்ள குடல்வால் வெடிச்சிருந்தா முதல்ல இப்படித்தான் வலி குறையும். அப்புறம் உடம்பெல்லாம் சீழ் பரவிடும். உடனே டாக்டர் பார்க்கணும்."

"நீங்களே போய்ச் சொல்லுங்கம்மா!"

"காலையிலேயே ஒரு தடவை சொன்னேன். பட்டை என்ன நிறம்னு கேட்டார். நிறத்தை மாத்த அதிகாரி கையெழுத்து வேணும். அதிகாரிங்க எல்லாரும் விழாவுக்கு அலங்காரம் பண்ணிட்டு இருக்காங்க." அவள் கண்கள் கலங்கின. "இன்னொரு தடவை போய் டாக்டர் கையைப் பிடிச்சாவது இழுத்துப் பார்க்கறேன்." வெள்ளைப் பட்டையைச் சுற்றாமல் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அதற்குள் விழா ஆரம்பித்துவிட்டது. விழா நடந்ததும் அந்தக் கூடத்திலேயேதான், ஏனென்றால் திறக்கப்பட இருந்தது அதை ஒட்டிய மூன்றாவது கூடம். அதன் வாசலில் நீல ரிப்பன் கட்டியிருந்தார்கள். நோயாளிகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் பார்வையாளர்களைத் தனியாகத் திரட்ட வேண்டிய சிரமம் இருக்கவில்லை. இயக்குநர் மைக்கைப் பிடித்தார். கூடத்துக் கடிகாரம் மூணரை மணி நேரத்தைத் தாண்டியிருந்தது.

"நண்பர்களே, நான் பொறுப்பேற்றபோது மக்கள் இங்கே நாள் முழுவதும் காத்துக் கிடந்தார்கள். அதைக் கண்டு என் நெஞ்சம் துடித்தது. இன்று யாருமே நாலு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பதில்லை. அதற்குள் வேறு அறைக்குப் போய்விடுகிறார்கள். டாக்டர்களை அதிகப்படுத்தலாமே என்று சிலர் கேட்டார்கள். அதையும் ஆராய்ந்தோம். ஒரு டாக்டர் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் பார்க்க முடியும். ஒரு கூடத்திலோ நூறு பேர் உட்காரலாம். எதில் பலன் அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்!"

அதிகாரிகள் கைதட்டினார்கள்.

"இன்று முதல் காத்திருத்தல் என்ற சொல்லே இந்த வளாகத்தில் கிடையாது. ஒழித்துவிட்டோம். இனி இதன் பெயர் முன்கவனிப்பு. இது வெறும் பெயர் மாற்றம் என்று சொல்வார்கள். இல்லை, பலகைகளையும் மாற்றியிருக்கிறோம். நானும் ஒருமுறை நோயாளியாக இங்கே வந்திருக்கிறேன். என்னை யாரும் ஒரு நொடிகூடக் காக்க வைக்கவில்லை. நம் சேவையின் தரத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?" அவர் குரல் தழுதழுத்தது. "முன்கவனிப்பு ஒன்றே நோயைத் தீர்க்கும் என்பதற்கு இதோ, நம்மிடையே ஒரு வாழும் உதாரணம்!"

அனுபவ அதிகாரி மைக்கை எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக்காரர் வாயருகே நீட்டினார். "சொல்லுங்க சார், இப்ப எப்படி இருக்கு?"

வீட்டுக்காரர் மைக்கைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன. அவளுக்கு மட்டும் கேட்கும்படி, நூலகத்தில் பேசுகிற குரலில் சொன்னார்:

"ஏம்மா... எனக்குப் பயமா இருக்கு."

மைக் அதை எடுத்துக் கூடம் முழுக்க ஒலிக்கவிட்டது. அந்த மனிதரின் ஆயுளில் அவர் குரல் ஒரு அறையை நிரப்பியது அதுவே முதல் தடவை.

தையல்காரி ஆடிப்போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததே இல்லை. வேலை போகும் என்றபோதும் சொன்னதில்லை, பெற்ற தாயைப் பறிகொடுத்தபோதும் சொன்னதில்லை. காலையிலிருந்து கெஞ்சிக் கெஞ்சித் தேய்ந்துபோயிருந்த அவளுக்குள் ஏதோ ஒன்று இறுகியது.

"சந்தோஷத்துல பேச்சு வரல" என்று அனுபவ அதிகாரி மைக்கைத் திருப்பிக்கொண்டார். இயக்குநர் ரிப்பனை வெட்டினார். "அனைவரும் நாற்காலிகளுடன் புதிய கூடத்துக்கு வருக!" என்றது ஒலிபெருக்கி. நாற்காலிகள் கரகரவென்று நகரத் தொடங்கின.

தையல்காரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நாங்க வரல."

காவலாளி வந்தான். "எழுந்திருங்கம்மா, எல்லாரும் போறாங்க இல்ல?"

"எல்லாரும் எதுக்குப் போறாங்க? யாரும் போகாதீங்க!" அவள் குரல் மைக் இல்லாமலே கூடத்தைத் தாண்டிக் கேட்டது. தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "காலையிலேருந்து நம்மளை ஒரு ரூம்லேருந்து இன்னொரு ரூமுக்கு மாத்தி மாத்தி உட்கார வச்சிட்டு, பார்த்தாச்சுன்னு கணக்கு எழுதறாங்க. இங்கேயே உட்காருங்க. கடிகாரம் நாலு அடிக்கட்டும். யாரு வராங்கன்னு பார்த்துடலாம் ஒரு கை."

கூடம் தயங்கி நின்றது. நாற்காலியைத் தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள். முதலில் உட்கார்ந்தது மூச்சுக்காரப் பெரியவர். "எனக்கும் அந்த மணிச் சத்தத்தைக் கேட்டுட்டுதான் போகணும்னு இருக்கு" என்று தலையணையைப் போட்டுக்கொண்டார். பட்டாணிக் குழந்தையின் தாய் உட்கார்ந்தாள். சமையல்காரன், தூக்கிய கையை இறக்காமலே, நாற்காலியை மறுகையால் தரையில் குத்தி வைத்தான். அதன்பின் வரிசை வரிசையாக எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். புதிய கூடத்தில் இயக்குநரும் வெட்டிய ரிப்பனும் மட்டும் இருந்தார்கள்.

இயக்குநர் திரும்பி வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வியர்த்தது. தையல்காரியிடம் குனிந்து, மைக்குக்கு எட்டாத குரலில், சாதாரண மனிதராகப் பேசினார்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு? அந்த ரூம்ல குளுகுளுன்னு ஏசி போட்டிருக்கோம்."

"டாக்டர் வேணும்."

"சரி. உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் மஞ்சள் பட்டை தரச் சொல்றேன். நீங்க எழுந்து மத்தவங்களையும் எழுப்பி அனுப்புங்க."

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். கண்கள் செருகிக்கொண்டிருந்தன. கையை நீட்டி அந்தப் பட்டையை வாங்கிவிடத்தான் தோன்றியது.

"டாக்டரை இங்க கூட்டிட்டு வாங்க. அவர் தொட்டுப் பார்த்ததும் நானே எல்லாரையும் எழுப்பி அனுப்பறேன்."

"முதல்ல நீங்க எழுந்திருங்க. இதோ, இப்ப வந்துடுவார்."

அந்த 'இதோ' அவளுக்குப் போதுமாக இருந்தது. "எத்தனை பேருக்கு நானே இப்படிச் சொல்லியிருக்கேன் தெரியுமா சார்?" என்றாள். "அதெல்லாம் துணி. இது என் வீட்டுக்காரர். எழுந்திருக்க மாட்டேன், போங்க."

இயக்குநர் காவலாளியைப் பார்த்து, "தூக்குய்யா" என்றார். காவலாளி தையல்காரியைப் பார்த்தான். நாற்காலியில் சரிந்திருந்த மனிதரைப் பார்த்தான். "சார், எனக்கு முதுகுல பிடிப்பு" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் அவனும் உட்கார்ந்தான்.

கடிகாரம் நாலைத் தொட்டது.

மணி அடித்தது. மணி என்றால் சாதாரண மணி இல்லை. கப்பல் முழுகுவது போல ஒரு ஓலம். மாடி மாடியாகக் கதவுகள் திறந்தன. அதுவரை ஒலித்ததே இல்லை என்பதால் அதை எப்படி நிறுத்துவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதிகாரிகள் சுவிட்ச் தேடி ஓடினார்கள். ஒருவர் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார், மணி மட்டும் நிற்கவில்லை. அந்த அமளியில் மாடிப்படியில் தடதடவென்று காலடிகள். பெரிய டாக்டர், கையில் பாதி குடித்த தேநீரோடு, இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால், அவர் கோட்டு நுனியைக் கிட்டத்தட்டப் பிடித்துக்கொண்டு, அந்த நர்ஸ்.

"எங்கே தீ?" என்றார் டாக்டர்.

"தீ இல்ல டாக்டர், வயிறு" என்றாள் தையல்காரி. "இவர் வயிறு."

டாக்டர் தேநீரை இயக்குநர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து வயிற்றில் கை வைத்தார். அவர் முகம் மாறியது. "இந்த ஆளை யாரு உட்கார வச்சது?" என்று கத்தினார். இயக்குநர் தேநீரை ஆடாமல் பிடித்துக்கொள்வதில் கவனமாக இருந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. கதவு, பட்டையின் நிறத்தைக் கேட்காமல் திறந்தது. நர்ஸ் காலால் உதைத்துத் திறந்திருந்தாள்.

மணி நிற்காததால் டாக்டர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள், வந்ததுதான் வந்தோம் என்று பார்க்கவும் தொடங்கினார்கள். பட்டாணி ஒரு இடுக்கியில் கண்மூடித் திறப்பதற்குள் வெளியே வந்தது. சமையல்காரன் விரலுக்குத் தையல் போட்டார்கள். அவன் பழக்கத்தில் கையை இறக்க மறந்து வீட்டுக்குப் போனான். மூச்சுக்காரப் பெரியவர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, கச்சேரி கேட்பது போல மணியைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் அறை வாசலில் தையல்காரி நின்றுகொண்டே இருந்தாள். யார் சொல்லியும் உட்காரவில்லை. வெளியே வந்த டாக்டர் முகமூடியைக் கழற்றினார்.

"குடல்வால் வெடிச்சு சீழ் பரவ ஆரம்பிச்சிருந்தது. கழுவி எடுத்துட்டோம். பிழைச்சுக்குவார். இன்னும் ஒரு ரூம் மாத்தியிருந்தாங்கன்னா என் கையில எதுவும் இல்லம்மா."

தையல்காரி அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்காரர் தேறிவந்த ஒரு நாள், இயக்குநர் வார்டுக்கே வந்தார். பத்திரிகையில் கொஞ்சம் அசிங்கமாகிவிட்டிருந்தது. நோயாளிகளின் நிம்மதியைக் கெடுப்பதால் அந்த மணியை நிரந்தரமாகக் கழற்றிவிட்டோம் என்று நல்ல செய்தி சொன்னார். நர்ஸுக்கு, கதவை உதைத்ததற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருப்பதாகவும் சொன்னார். "உங்களைப் போன்றவர்களின் குரல் எங்களுக்கு அவசியம். அதற்காகவே ஒரு குழு அமைத்திருக்கிறோம். நோயாளர் குரல் குழு. அவசியம் வர வேண்டும்."

"வரேன்" என்றாள் தையல்காரி. "அந்தக் கதவைப் பத்தியும் அந்த மணியைப் பத்தியும்தான் முதல்ல பேசுவேன்."

"எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். அதற்குத்தானே குழு!"

குழு கூடும் நாளில் அவள் கடையைப் பூட்டிவிட்டுப் போனாள். குழு அறை மேல்மாடியில் இருந்தது. வாசலில் நாற்காலிகள். மூச்சுக்காரப் பெரியவரும் சமையல்காரனும் பட்டாணிக் குழந்தையின் தாயும் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்கள். விளக்கக் கடிதத்தோடு நர்ஸும் இருந்தாள். அறைக்குள்ளிருந்து பீங்கான் கோப்பைகள் உரசும் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

"எப்ப வந்தீங்க?" என்றாள்.

"வந்து நேரமாச்சு. உள்ள முன்கலந்தாய்வு நடக்குதாம்" என்றார் பெரியவர்.

கடைநிலை ஊழியர் ஒருவர் ஒரு நாற்காலியைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினார். "உட்காருங்கம்மா. இதோ, இப்பக் கூப்பிட்டுடுவாங்க."

தையல்காரி அந்த நாற்காலியைக் கையில் தூக்கிக்கொண்டாள். மற்றவர்களைப் பார்த்தாள். ஒருவர் பின் ஒருவராக அவர்களும் எழுந்து, அவரவர் நாற்காலியைத் தூக்கினார்கள். அவள் தோளால் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

நீண்ட மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பிஸ்கட்டைக் கடித்தபடி அப்படியே நிமிர்ந்தார்கள்.

"அம்மா, நாங்கள் இன்னும் உங்களைக் கூப்பிடவில்லையே" என்றார் இயக்குநர்.

"தெரியும்" என்றாள் தையல்காரி, மேசையின் தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு. "அதான் வந்துட்டோம்."